கடை மருத்துவமனையாகும்போது

கட்டடங்கள் தொழில் மாறுவது புதிதன்று. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்திற்காக எழுப்பப்பட்ட கட்டடம் 2014 முதல் அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக இயங்கி வருகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1960களில் கட்டப்பட்ட ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் 2009இல் புறநோயாளிகள் பிரிவாக மாற்றியது. கீழ்த்தளத்தில் கடைகள் தொடர்ந்து இயங்கின.

பழைய கடைகளை இவ்வாறு மாற்றுவதை நான் வரவேற்கிறேன். அவை பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்திற்கு அருகில் இருக்கும். ஊரார் அனைவரும் அறிந்த இடமாகவும் இருக்கும். ஆயினும், பெயர்ப்பலகையை மாற்றிச் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு வேலை முடிந்துவிடாது.

வந்தவர் பொருள்களைப் பார்த்தபடி சுற்றிவர வேண்டும் என்ற நோக்கிலேயே கடையின் உள்வழி அமைக்கப்படுகிறது. நோயாளிக்கோ நடை குறைய வேண்டும். நாள்பட்ட மூச்சிரைப்பு உள்ளவருக்கு ஐம்பது அடி நடப்பதும் பெரும்பாடு. பதிவு ஓரிடத்தில், இரத்தப் பரிசோதனை மாடியில், மருந்தகம் பின்புறத்தில் என்று அலைக்கழித்தால், அடுத்த முறை அவர் வராமலே இருந்துவிடக்கூடும்.

வாசற்படியும் கவனத்திற்குரியது. 1 அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம் தேவை என்பது நம் நாட்டின் வழிகாட்டு நெறி. கடைவாசலின் மூன்று படிகள் ஒன்றரை அடி உயரம் எனில், 18 அடிச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று சரிவு மிகுந்த பலகையைச் சார்த்தி வைத்தால், தந்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் மகளுக்கு அது ஆபத்தாகவே முடியும். கடைக்கு அழகு சேர்த்த பளபளப்பான தரையும் ஊன்றுகோலுடன் வரும் முதியவரை வழுக்கிவிடும்.

நுரையீரல் மருத்துவர் என்ற முறையில் நான் அதிகம் வற்புறுத்துவது காற்றோட்டத்தையே. கண்ணாடி முகப்புள்ள கடைகளில் சன்னல்கள் பெரும்பாலும் திறக்க முடியாதவை. சுவரில் பொருத்தும் சாதாரண ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. காசநோயும் தட்டம்மையும் காற்றின் வழியே பரவுபவை. ஆகவே, காத்திருப்புக் கூடத்தில் எதிரெதிர்ச் சன்னல்கள் திறக்கப்பட வேண்டும். இயலாவிடில் வெளிக்காற்றை உட்செலுத்தும் அமைப்பு வேண்டும். இருமலுடன் வருவோருக்கு முகக்கவசம் தந்து, காற்றோட்டமான தனியிடத்தில் அமர்த்த வேண்டும். இச்செலவு பார்வைக்குத் தெரியாது. அதனாலேயே நிதி குறையும்போது இதில் கைவைக்கத் தோன்றும். மெத்தை இருக்கைகளும் சுவர் ஓவியங்களும் காத்திருக்கலாம், இது காத்திருக்கலாகாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செல்லும் மருத்துவமனையில் எந்தத் திருப்பத்தில் வழி தவறினீர்கள், எந்தக் கூடத்தில் புழுக்கம் தாளவில்லை, எந்தப் படியில் அம்மாவின் கால் தயங்கியது என்பதைக் கருத்துப் பெட்டியில் எழுதிப் போடுங்கள். வரைபடத்தைப் பார்க்கும் பொறியாளருக்கும் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கும் இக்குறைகள் எளிதில் புலப்படுவதில்லை.