41 உயிர், ஒரே ஒரு வாசல்!



2023 தீபாவளி ஞாபகம் இருக்கா? நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில நாம எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுக்கிட்டிருந்த நேரம். உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்துல, சில்க்யாரா சுரங்கப்பாதை இடிஞ்சு விழுந்தது. ராத்திரி ஷிப்டுல இருந்த 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கிட்டாங்க.

17 நாள் கழிச்சு, நவம்பர் 28 அன்று 41 பேரும் உயிரோட வெளியே வந்தாங்க. நாடே கைதட்டியது. நானும் டிவி முன்னாடி உட்கார்ந்து கண் கலங்கினவன்தான். ஆனா அந்தக் கைதட்டல் சத்தத்துல ஒரு கேள்வி அமுங்கிப்போச்சு. அவங்க வெளியே வர இன்னொரு வழி ஏன் இல்லை?

2018 பிப்ரவரியில மத்திய அமைச்சரவைக் குழு இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 4.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, "தப்பிக்கும் வழியுடன்" என்றுதான் அன்றைய அறிவிப்பு. காகிதத்துல வழி இருந்தது. இடிஞ்ச அன்னைக்கு மலைக்குள்ள இல்லை!

நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு விஷயத்தை எளிமையா சொல்றேன்.

நாம வீடு கட்டினா நாலு பக்கமும் திறந்திருக்கும். ஏதாவது சரிஞ்சா எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓடலாம். சுரங்கம் அப்படி இல்லை. வெட்டிக்கிட்டே உள்ளே போகிறவனுக்கு முன்னாடி பாறை, பின்னாடி ஒரே வாசல். சிமெண்ட் கலவை, கம்பி, வெடிமருந்து, கரண்ட், தண்ணி, மூச்சு விடும் காத்து எல்லாமே அந்த வாசல் வழியாத்தான் உள்ளே போகணும். வெட்டின பாறையைச் சுமந்த லாரியும், வேலை முடிச்ச மனுஷனும் அதே வழியாத்தான் வெளியே வரணும்.

இதுல ஒரு வரிசை இருக்கு. வெடி வைக்கணும். புகை வெளியேறக் காத்திருக்கணும். தளர்ந்த கல்லைத் தட்டி எடுக்கணும். இடிபாட்டை அள்ளணும். மேல ஷாட்கிரீட் அடிச்சு, ராக் போல்ட் போட்டு, பாறையைத் தாங்க வைக்கணும். அப்புறம்தான் அடுத்த வெடி. ஒரு லாரி தாமதமானா எல்லாமே தாமதம். மேலிடத்துல இருந்து வர்ற கேள்வியோ ஒண்ணே ஒண்ணு: "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" தப்பிக்கும் வழியைப் போட்டா அந்த மீட்டர் கணக்குல ஒண்ணும் ஏறாது. அதனாலதான் அது எப்பவும் கடைசி வேலை ஆகிடுது.

சில்க்யாராவுல அந்த 41 பேரை முதல் நாள்ல இருந்தே தாங்கிப் பிடிச்சது எது தெரியுமா? வேலைக்காக ஏற்கெனவே போட்டிருந்த ஒரு 4 அங்குலக் குழாய்! காத்து, பொரி, உலர்பழம் எல்லாம் அது வழியாத்தான் போச்சு. நவம்பர் 20 அன்று 6 அங்குலக் குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுடச்சுடக் கிச்சடி கிடைச்சது. 4 அங்குலக் குழாய்க்கே இவ்வளவு பலன்னா, ஆள் தவழ்ந்து வரும் அளவுக்கு ஒரு பெரிய குழாய் முன்கூட்டியே அங்கே கிடந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க.

கடைசியில பெரிய ஆகர் இயந்திரம் உடைஞ்சு நின்னுபோச்சு. மிச்சம் இருந்த சில மீட்டரைக் கையால தோண்டி முடிச்சவங்க 'எலிவளை' முறையில வேலை செய்யும் 12 பேர். எந்த முறையை ஆபத்தானதுன்னு 2014-ல பசுமைத் தீர்ப்பாயம் தடை செஞ்சதோ, அதே முறைதான் கடைசியில கைகொடுத்தது. அந்த மீட்புக் குழுவுல இருந்த ஒருத்தரோட வீட்டை அடுத்த மூணே மாசத்துல, 2024 பிப்ரவரியில, ஆக்கிரமிப்புன்னு சொல்லி டெல்லியில இடிச்சாங்க. கைதட்டலோட ஆயுசு அவ்வளவுதான்!

இன்னொரு கொடுமை. முதல்ல உள்ளே இருக்கிறது 40 பேர்னு சொன்னாங்க. சில நாள் கழிச்சுத்தான் 41-ன்னு திருத்தினாங்க. உள்ளே போனவன் எத்தனை பேர்னு கூட வாசல்ல சரியான கணக்கு இல்லை.

காலேஜ் படிக்கும்போது ஒரு சுரங்க வேலை நடக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. வாசல்ல ஒரு பலகை. உள்ளே போகும்போது உங்க பேருக்கு ஒரு டோக்கன் மாட்டணும், வெளியே வந்ததும் எடுக்கணும். அன்னைக்கு "என்னடா இது, ஸ்கூல் மாதிரி"ன்னு சிரிச்சோம். இப்போ புரியுது. அந்த 41-வது ஆள் யாருன்னு முதல் நாளே சொல்லியிருக்கக்கூடியது அந்தப் பலகைதான்.

சில்க்யாராவோட பாடம் கத்துக்கிட்டோமா? 2025 பிப்ரவரி 22. தெலங்கானா, ஸ்ரீசைலம் இடது கரைக் கால்வாய்ச் சுரங்கம். சுமார் 14 கிலோமீட்டர் உள்ளே தண்ணியும் சேறும் பாய்ஞ்சு 8 பேர் சிக்கினாங்க. மீட்கப் போனவங்களுக்கும் அதே ஒரே வழி. வாரக்கணக்கா தேடியும் இரண்டு பேர் உடல்தான் கிடைச்சது. இந்த முறை கைதட்டவும் ஒண்ணும் இல்லை.

"அது வடக்கே, மலையில"ன்னு நினைக்காதீங்க. சென்னையில மெட்ரோ இரண்டாம் கட்டம் மூணு வழித்தடத்துல 118.9 கிலோமீட்டர். அதுல ஒரு பகுதி நம்ம காலுக்குக் கீழேதான் வெட்டப்படுது. ரெண்டு சுரங்கத்தையும் இணைக்கும் குறுக்குப் பாதை வந்துட்டா ஒண்ணுக்கு ஒண்ணு தப்பிக்கும் வழி ஆகிடும். ஆனா அது வர்ற வரைக்கும், முகப்புல நிக்கிற தொழிலாளிக்கு பின்பக்கம் மட்டும்தான் வழி. அவன் பீகாரா, ஜார்க்கண்டா, தமிழ்நாடான்னு பாறை பார்க்காது.

எந்த மாநிலம், எந்த ஆட்சின்னு பார்க்காம நாம கேட்க வேண்டியது மூணு:

1. தப்பிக்கும் வழிக்கும் மீட்புக் குழாய்க்கும் டெண்டர்லேயே தனிப் பணம். அது வெட்டும் வேலையோட கூடவே நகரணும்.

2. ஒவ்வொரு சுரங்க வாசல்லயும் ஆள் கணக்குப் பலகை, தொழிலாளிக்குப் புரியும் மொழியில.

3. "பாறை சரியில்லை, நிறுத்து"ன்னு சொல்லும் அதிகாரம் பாதுகாப்பு அதிகாரிக்கும் புவியியலாளருக்கும். நிறுத்தினதுக்காக யார் வேலையும் போகக் கூடாது.

அடுத்த முறை உங்க ஊர்ல ஒரு சுரங்கப்பாதை திறப்பு விழா நடந்தா, எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர்னு கேளுங்க, தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்க: கட்டும்போது இரண்டாவது வாசல் எங்கே இருந்தது?

படிச்சதோட நிறுத்தாம பகிருங்கள்.

- தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#இரண்டாவது_வாசல்_எங்கே
#தொழிலாளர்_பாதுகாப்பு