பாம்பின் முதுகு விறைப்புக்குச் சுண்ணாம்புச் சத்துதான் மருந்தா?

கூண்டில் நெடுநாள் இருந்த மலைப்பாம்பின் முதுகில் கணுக்கணுவாகப் புடைப்புகள் தோன்றி, உடல் வளைய இயலாமல் கழிபோல் விறைத்துவிடுவதுண்டு. அதனைக் காண்போர், முதுமை என்றோ சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றோ உடனே கூறிவிடுகின்றனர். சோதனையின்றி இவ்வாறு முடிவு கட்டுவது தவறென்பது என் கருத்து.

சுண்ணாம்புச் சத்தும், டி3 வைட்டமினும், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் போதாமையால் ஆமைகளுக்கும் ஓணான் இனங்களுக்கும் எலும்பு மெலிவது மெய்யே. பாம்போ இரையை எலும்போடு முழுமையாக விழுங்கும் பிராணி. முழு எலியை உண்டு வாழ்வதற்குச் சுண்ணாம்புப் பொடி எதற்கு? அன்றியும், இந்நோயில் எலும்பு மெலிவதில்லை. மிகையாக வளர்ந்து, அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒட்டவைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகளின் அசைவினாலேயே ஊர்ந்தும் இரையைச் சுற்றி நெரித்தும் வாழும் உயிருக்கு இது எத்தகைய கேடு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நோய்க்கு முன்னர் வழங்கிய பெயரும் நம்மைத் திசை திருப்பியது. 1877இல் ஜேம்ஸ் பேஜெட் மனிதரிடம் கண்டு விவரித்த எலும்பு நோயைத் தோற்றத்தில் ஒத்திருந்தமையால், அப்பெயரையே சிலர் இதற்கும் சூட்டினர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 பாம்புகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, அவற்றுட் பலவற்றின் முதுகு மூட்டுகளில் நுண்கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிற்று. சால்மொனெல்லா அவற்றுள் முக்கியமானது. எனினும் எல்லாப் பாம்புகளிலும் தொற்று காணப்படவில்லை. ஆகவே சோதனை இன்றியமையாதது.

எக்ஸ்-ரே படம் புடைப்பைக் காட்டுமேயன்றிக் கிருமியைக் காட்டாது. இரத்தத்தையும், இயலுமாயின் எலும்புத் துணுக்கையும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். கிருமி தெரிந்தால் அதற்குரிய மருந்தைப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள், கொடுக்க நேரும். ஒட்டிய எலும்பு பிரியாது, பரவுதலைத் தடுக்கலாம்.

களப்பணியாளர்க்கு ஒன்று கூறுவேன். பிடித்த பாம்பை வாலைப் பற்றித் தொங்கவிட்டு உதறும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதனாலும் முதுகெலும்பு சிதையும். மீட்ட பாம்பின் உடலில் ஓரிடம் வளையாதிருப்பின், கால்நடை மருத்துவர் காணுமுன் அதனைக் காட்டில் விடலாகாது. ஆசிரியர்கள் அறிய வேண்டியது வேறு: நலமாகத் தோன்றும் ஆமையும் பாம்புங்கூட சால்மொனெல்லாவைச் சுமந்திருக்கக்கூடும். அவற்றைத் தொட்ட மாணவர் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது.

காப்பகத்தில் இத்தகைய பாம்பு இறந்தால், அதனை எரிக்கும் முன்பே மருத்துவர் முதுகெலும்பை அறுத்துச் சோதித்துக் குறிப்பெழுதி வைப்பாராக. அக்குறிப்பு அடுத்த கூண்டிலுள்ள பாம்புக்கு உதவும்.