வாட் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

காரோடு வரும் ஸ்பீக்கர் மட்டம், பெட்டியில் 300 வாட் என்று போட்டதை வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் பாதி உண்மையைக் காட்டி முழுப் பணத்தையும் கறக்கிறது. அந்த எண் ஸ்பீக்கர் நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவு. அது எழுப்பும் ஒலியின் அளவல்ல. திறனைத் தருவது ஸ்டீரியோ. காரின் 14 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண ஸ்டீரியோ சிதைவின்றித் தொடர்ந்து தரக்கூடியது 20 வாட் அளவுதான். ஆகவே பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த திறனுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் ஒலியளவு. அதே திறனில் 3 டெசிபல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

தனி ஆம்ப்ளிஃபயர் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். போடலாம், ஆனால் கதவைக் கவனிக்காமல் அல்ல. ஸ்பீக்கர் கோனின் பின்புறம் எழும் ஒலி முன்புற ஒலிக்கு நேரெதிர். கதவின் உள்தகட்டுத் திறப்புகள் வழியே இரண்டும் கலந்தால் பேஸ் அடிபடும். திறனைக் கூட்டினாலும் அந்த இழப்பு தீராது, தகடுதான் இன்னும் அதிரும். திறப்புகளை அடைத்து, பியூட்டைல் டாம்பிங் ஷீட் ஒட்டி (மழைநீர் வடியும் துளைகளை மூடிவிடக் கூடாது), ஸ்பீக்கரை அசையாமல் பொருத்துங்கள். பழைய ஸ்பீக்கரிலேயே பேஸ் தெளியும். அதைக் கேட்டுவிட்டுப் புதியது வேண்டுமா என்று முடிவெடுங்கள்.