தாது வருஷம்னா என்னன்னு தெரியுமா?

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி அடையாறு பக்கம் போயிருக்கீங்களா? கீழே கறுப்பா ஒரு தண்ணி தெரியும். மூக்கைப் பொத்திக்கிட்டு போனைப் பார்ப்போம். நானும் மூணு வருஷமா அதைத்தான் செஞ்சேன்.

அது பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்த எட்டு கிலோமீட்டர் 1877-78-ல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியில் வந்தவர்கள். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

இதைத் தேடப் போய்தான் வில்லியம் டிக்பி எழுதிய புத்தகம் கிடைத்தது. 1878-ல் வெளிவந்தது, இரண்டு தொகுதி. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். டிக்பி அப்போ இங்கே 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் குறைத்தார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். அதைச் சாப்பிட்டுட்டு நாள் முழுக்க மண் வெட்டணும். இது போதாது என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு.

ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்ச மாதிரி பாட்டிகிட்ட சொன்னேன். "தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்றியா?"ன்னு சாதாரணமா கேட்டாங்க. சின்ன வயசுல நான் அவசரமா சாப்பிட்டா "தாது வருஷத்துல அடிபட்டவன் மாதிரி முழுங்காதடா"ன்னு திட்டுவாங்க. அது வெறும் வசவுன்னு நினைச்சிருந்தேன். 1876-77 தான் அந்த தாது வருஷம்.

என் கருத்து இதுதான். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நமக்கு டிக்பியைப் படிப்பது சுலபம். ஆனா அதோட நிறுத்தினா அரசாங்கத்தின் கணக்கும் வாக்குவாதமும்தான் கிடைக்கும். 'தாது வருஷம்'னு தமிழில் தேடினப்போ வேற ஆட்கள் வந்தாங்க. மாயூரத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றிய வேதநாயகம் பிள்ளை, அதற்காகவே அவரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர்னு மட்டும் தெரிஞ்ச அதே பிள்ளைதான்.

பிளேஸ்மென்ட் நேரத்துல இது எதுக்குன்னு கேட்பீங்க. நாளைக்கு நாமளும் எஸ்டிமேட் போடப் போறோம். அதில் 'கூலி'ன்னு ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னாடி ஒரு வயிறு இருக்குன்னு எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லல, இந்தப் பழைய புத்தகங்கள்தான் சொன்னது.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். ரெண்டும் நமக்குப் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட தாது வருஷத்தைப் பத்திக் கேட்டுட்டுப் போங்க.