கட்டி அகன்றது, கல்லீரலை யார் பார்ப்பது?

மூளைக்கட்டி அறுவை முடிந்து பிள்ளை பிழைத்து வந்தால் குடும்பமே குலதெய்வத்துக்கு நன்றி சொல்கிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டியிலிருந்து மீண்ட பிள்ளைகளை இன்னோர் ஆபத்து தொடர்கிறது. அது கல்லீரலில் சேரும் கொழுப்பு.

அந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. 5 முதல் 14 வயதுக்குள் வருவது அதிகம். பிட்யூட்டரி சுரப்பியையும், பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸையும் ஒட்டி வளர்வதுதான் சிக்கல். கட்டியாலோ அறுவையாலோ ஹைப்போதலாமஸ் பழுதுபட்டால் பிள்ளைக்கு வயிறு நிறைந்த உணர்வே வராது. உடல் சக்தியைச் செலவழிக்கும் வேகமும் குறையும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடல் பருக்கிறது, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். வளர்ச்சி ஹார்மோனும் குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு இன்னும் வேகமாகப் படிகிறது. மதுவையே அறியாத பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன. நோய் முற்றும்வரை வலியோ மஞ்சள் காமாலையோ தெரியாமலே போகலாம்.

கல்லீரல் கொழுப்பைக் கண்டறிய எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரிதும் உதவும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலே கல்லீரல் நலம் என்று முடிவுகட்ட முடியாது, இரண்டும் வேண்டும். மூளை அறுவை மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கிறார், ஹார்மோன் மருத்துவர் மாத்திரை அளவைப் பார்க்கிறார், ஊர் மருத்துவர் காய்ச்சலைப் பார்க்கிறார். கல்லீரல் எவர் கணக்கிலும் சேராமல் போய்விடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எடை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றுக்கான தேதிகளை எழுதித் தர வேண்டும்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் குழுவினர் பள்ளிகளில் எடை பார்க்கும்போது இந்தப் பிள்ளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். அறுவைக்குக் கைகொடுக்கும் அரசுக் காப்பீடு, ஆண்டுக்கணக்கில் நீளும் ஹார்மோன் சிகிச்சையையும் முழுமையாகத் தாங்க வேண்டும்.

உறவினர்களுக்கும் பொறுப்பு உண்டு. “நீ செல்லம் கொடுத்துத்தான் ஊதிட்டான்” என்று தாயைக் குத்திப் பேசுவது பெரும் அநியாயம். பிள்ளையின் பசி, நோயின் பசி. வீட்டில் எல்லோரும் அளவோடு உண்டு உதவலாம். வகுப்பில் கேலி எழும்போது ஆசிரியர் தடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எடைக்குப் பயந்து, ஹார்மோன் குறைவுக்காகத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, “கல்லீரலை எப்போது பார்ப்பீர்கள், டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.