சென்னை விமானத்தில் வருபவர்களுக்குப் பினாங்கின் கதையைச் சொல்லப்போவது யார்?

ஜார்ஜ் டவுன்: 2024 டிசம்பர் 21ஆம் தேதி சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நிறுவனம் நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று மலேசிய அரசு அறிவித்திருந்தது. அடுத்து, 2026ஆம் ஆண்டை மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாகவும் அறிவித்தார்கள். முன்பு கோலாலம்பூரில் இறங்கி, ஜெந்திங்கும் பத்துமலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இப்போது நேராகப் பாயான் லெப்பாஸில் வந்து இறங்கலாம். லிட்டில் இந்தியா வியாபாரிகளுக்கு இது நல்ல செய்தி.

வந்து இறங்குபவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதில் பெரிய சந்தேகமில்லை. கொடிமலை, கெக் லோக் சி, தண்ணீர்மலை முருகன், சுவர் ஓவியங்கள், நாசி கண்டார். ஆனால் அவற்றைப் பற்றி யார் வாயிலிருந்து, எந்த மொழியில், என்ன கேட்டுவிட்டுப் போவார்கள் என்பது வேறு கேள்வி. பினாங்குத் தமிழர்களுக்குப் பணமும் மானமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதி 109 ஹெக்டருக்குச் சற்று அதிகம், நடந்தே சுற்றிவிடலாம். அதற்குள்தான் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் சூலியா தெருவும் கடைத்தெருவும் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த பினாங்குத் தெருவும் இருக்கின்றன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வழக்கமான பாரம்பரிய நடையில் இந்தியர்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். கோபுரத்தின் முன் ஒரு படம், சேலைக் கடை வாசலில் ஒலிக்கும் பாட்டு, வாழையிலைச் சாப்பாடு, பிறகு குழு அடுத்த தெருவுக்குப் போய்விடும். பெரனாக்கான் மாளிகைக்கும் கூ கொங்சிக்கும் கதை சொல்லத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சமூகங்கள் தங்கள் கதையை எழுதிவைத்தன, வீட்டைப் புதுப்பித்தன, நுழைவுக் கட்டணம் வைத்தன. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை, பாடம்தான் இருக்கிறது.

தமிழில் சொன்னால் மட்டுமே சுவைக்கும் செய்திகள் இந்த 109 ஹெக்டருக்குள் கொட்டிக் கிடக்கின்றன. மலாய்க்காரர் கெடாய் என்று சொல்வது நம் கடை. கப்பால் நம் கப்பல், காத்தில் நம் கட்டில், மெம்பெலாம் நம் மாம்பழம். சூலியா என்ற பெயருக்குள் சோழன் ஒளிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் கண்டார் எனும் கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, காவடிபோலத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதால்தான் நாசி கண்டார் என்று பெயர் வந்தது. ரொட்டி பெங்காலி வங்காளத்து ரொட்டி அல்ல, ‘பங்காளி’ ரொட்டி என்று சொல்வதும் உண்டு. பங்கு போட்டு நடத்திய பேக்கரியின் பெயர் நாளடைவில் மருவியதாம். இது உண்மையா, பிறகு கட்டிய கதையா என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் இதைச் சொன்னால் அந்த ரொட்டியை வாங்காமல் போவாரா?

இனிப்பான கதைகள் மட்டுமல்ல. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களைப் படமெடுக்காத பயணி இல்லை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் அது. பினாங்கின் ஆரம்பகாலச் சாலைகளிலும் அவர்களின் வியர்வை இருக்கிறது. தேவாலய வாசலில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லும் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் யார் வேண்டுமானாலும் ஆகிவிட முடியாது. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் சுற்றுலா வழிகாட்டியாகச் செயல்படுவது குற்றம். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு அங்கீகரித்த பயிற்சியை முடித்து, தேர்வில் தேறி, உரிமம் பெற வேண்டும். நகரம், வரலாறு எனப் பொதுவாக வழிகாட்டுவோருக்கு நீல அட்டை, இயற்கைப் பகுதிகளில் வழிகாட்டுவோருக்குப் பச்சை அட்டை. சென்னையிலிருந்து குழுவோடு வரும் நிறுவன ஊழியர் பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து இணையத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டு போனால், சட்டப்படியும் அது சரியில்லை, நம் பிழைப்பிலும் கை வைக்கிறது. தமிழில் பேசும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் போதிய அளவில் இருந்தால்தான் ‘உள்ளூர் ஆளை வையுங்கள்’ என்று கேட்க வாய் இருக்கும்.

பெற்றோர் கேட்கும் கேள்வியும் நியாயமானது: இது நிலையான வேலையா? இல்லை. பெரும்பாலான வழிகாட்டிகள் நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் சுயதொழிலர்கள். பள்ளி விடுமுறையில் ஓய்வே இருக்காது, மற்ற மாதங்களில் தொலைபேசி ஒலிக்காது. கோவிட் காலத்தில் முதலில் வருமானம் இழந்தவர்களில் இவர்களும் உண்டு. ஆனாலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் வார இறுதியில் செய்யக்கூடிய தொழில் இது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசும் தோட்டப்புற இளைஞனுக்கு, அவனிடம் ஏற்கெனவே இருக்கும் மொழியே மூலதனமாக அமையும் தொழில்கள் வேறு எத்தனை இருக்கின்றன?

பச்சை அட்டையைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 2021 செப்டம்பரில் கொடிமலை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 12,481 ஹெக்டர். தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவின் மூன்றாவது காப்பகம். தாவரவியல் பூங்காவும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் இதற்குள் அடங்கும். தைப்பூசத்தில் லட்சக்கணக்கானோர் கூடும் தண்ணீர்மலை இந்தக் காட்டின் அடிவாரம்தான். 1894 முதல் வெள்ளி ரதமும் 2017 முதல் தங்க ரதமும் வரும் பாதை காட்டின் விளிம்பில் போய் முடிகிறது. 500க்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, மலையைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுகிறோம்.

கோயிலிலிருந்து சிறிது தொலைவில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அங்கே பீரங்கிக் குண்டு போன்ற காய்கள் தொங்கும் மரத்தைப் பார்த்ததும் ஆங்கில வழிகாட்டி ‘கேனன்பால்’ என்பார். தமிழருக்கு அது நாகலிங்க மரம். பூவுக்குள் லிங்கமும் அதன்மேல் படமெடுத்த நாகமும் தெரியும், சிவன் கோயில்களில் வைத்து வணங்குவார்கள். ஆனால் அந்த மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா! கடல் கடந்து வந்த ஒரு மரத்துக்குத் தமிழர்கள் கோயிலில் இடம் கொடுத்துவிட்டார்கள். இயற்கையும் பண்பாடும் ஒரே கிளையில் பூத்திருக்கும் இந்த இடத்தில் கால் மணி நேரம் பேசலாம். மேலே கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வளையத்துடன் கருங்குரங்கு உட்கார்ந்திருந்தால் இன்னும் பத்து நிமிடம்.

இந்த அடிவாரத்துக்குத்தான் 245 மில்லியன் வெள்ளி மதிப்பிலான கொடிமலைக் கேபிள் கார் திட்டமும் வருகிறது. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் வரிசை குறையும் என்பது அரசின் வாதம். காடு தாங்காது என்பது சுற்றுச்சூழல் அமைப்புகளின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர்மலை வட்டாரத்துக்கு வரும் கூட்டம் பெருகப்போகிறது என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை. அந்தக் கூட்டம் கோயிலுக்குத் திரும்புமா, திரும்பினால் அங்கே அதற்கு யார் என்ன சொல்வார்கள் என்று இப்போதே யோசிக்கவேண்டிய பொறுப்பு கோயில் நிர்வாகத்துக்கும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்துக்கும் இருக்கிறது.

மத்திய ஆப்பிரிக்காவை இந்த இடத்தில் பார்ப்பது உதவும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில் ட்சாங்கா-சாங்கா என்ற காட்டுப் பகுதி இருக்கிறது. போரும் வறுமையும் வாட்டும் நாடு அது. அந்தக் காட்டில் கொரில்லாக்களைத் தேடிப் போகும் பயணிகளுக்கு முன்னால் நடப்பவர்கள் பா-அக்கா எனும் காட்டுவாசி மக்கள். மிதிபட்ட இலையைப் பார்த்தே விலங்கு போன வழியைச் சொல்வார்கள். வலை வீசி வேட்டையாடும் முறையையும் மூலிகைகளையும் பயணிகளுக்குக் காட்டுவதும் அவர்களே. பட்டம் பெறாதவர்களின் அறிவு அங்கே சம்பளம் பெறும் அறிவாகியிருக்கிறது. ருவாண்டா இன்னொரு படி மேலே போனது. மலைக் கொரில்லாவை ஒரு மணி நேரம் பார்க்க 2017 முதல் 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். பூங்கா வருமானத்தில் 10 விழுக்காடு சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது.

இங்கே வெளிநாட்டுப் பயணி ஒவ்வோர் இரவும் அறைக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் கடைத்தெருப் பூக்கட்டுபவருக்கோ நிபோங் திபால் தோட்டப் பாட்டிக்கோ இவ்வளவு என்று எழுதிவைத்த கணக்கு ஏதுமில்லை. ருவாண்டாவை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை, கொரில்லாவும் கோபுரமும் ஒன்றல்ல. கதை யாருடையதோ அவருக்கும் காசில் பங்கு உண்டு என்ற எண்ணம் மட்டும் இங்கே வந்தால் போதும்.

நிபோங் திபாலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பினாங்குச் சுற்றுலா என்றாலே தீவு என்றாகிவிட்டது. தமிழர்கள் ரத்தம் சிந்திய மண் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் ‘99 கதவு பங்களா’ இன்றும் பாழடைந்து நிற்கிறது. முதலாளி ராம்ஸ்டன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்த இடத்தைத் தேடிவருபவர்களில் பலருக்குத் தெரிந்தது பேய்க் கதை. காணொளிகளும் பேயைத்தான் தேடுகின்றன. 99 கதவுகளை எண்ணுபவர்கள், அந்தப் பங்களாவைத் தாங்கிய லயத்து வீடுகளில் எத்தனை கதவு இருந்தது என்று கேட்பதில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்றது, பால் வெட்டியது, மழை பிடித்தால் அன்றைய கூலி போனது, கிராணியிடம் பயந்தது, தீமிதித் திருவிழாவில் ஒரு நாள் ராஜாவாக இருந்தது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து இருப்பார்களா?

எச்சரிக்கை ஒன்றும் தேவை. தமிழ்நாட்டுப் பயணி கட்டாயம் கேட்பது கடாரம். எல்லை தாண்டிக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனால், மெர்போக்கில் 1960இல் மறுசீரமைத்த சண்டி புக்கிட் பத்து பஹாட்டைப் பார்க்கலாம். ‘இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது’ என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது உண்மையல்ல. சோழர் படையெடுப்பு 1025ஐ ஒட்டியது. செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்த புத்தகுப்தன் எனும் மாலுமியின் பௌத்தக் கல்வெட்டோ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சோழருக்கு முன்பே இது பல நாட்டு வணிகர்கள் கூடிய துறை. 2013இல் சுங்கை பத்து பகுதியில் 11ஆம் எண் சண்டி மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்டபோது எழுந்த கோபம் சரியானது. அந்தக் கோபத்துக்கு வலு சேர்ப்பது மெய்யான வரலாறு. வாட்ஸ்அப் வரலாறு அதற்கு உதவாது.

ஆக, வழிகாட்டிக்குத் தமிழ்ப் பேச்சு மட்டும் போதாது, படிப்பும் வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் முதலில் போகவேண்டிய இடம் பினாங்கிலுள்ள சுற்றுலா அமைச்சு அலுவலகம். அடுத்த பயிற்சி எப்போது, எஸ்பிஎம் தகுதி என்ன, கட்டணம் எவ்வளவு, தவணை உண்டா என்று நேரில் கேட்டுவிடுவது நல்லது. கோயில் நிர்வாகங்களுக்கு இதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. கோயில் எழுந்த ஆண்டு, கட்டியவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற விவரத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையில் எழுதி வாசலில் வைக்கலாம். கும்பாபிஷேக மலரில் அச்சாகி அலமாரியில் தூங்கும் விவரம்தான் அது. புதிதாக எழுதக்கூட வேண்டியதில்லை.