உள்ளே வரும் மூச்சு

 

இம்மாதம் என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் மக்தபில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓதுகிறான். நல்ல நினைவாற்றல், இனிய குரல். ஆயினும் சற்று நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதி முடிக்க அவனால் இயலாது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவான். தோளை உயர்த்தி மூச்சை வாங்குவான். விட்ட இடம் தெரியாமல் விழிப்பான். ஒருநாள் நான் பொறுமையிழந்து, "உன்னை ஓதவிடாமல் ஷைத்தானா தடுக்கிறான்?" என்று எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். சொன்ன சொல்லை நான் அன்றே மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய தாயார் வந்தார். பையனுக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமாவாம். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நாள்தோறும் இழுத்து வந்திருக்கிறான். என் சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்து, 'இது நோயன்று. வேறு ஏதோ தீங்கு' என்னும் அச்சமாக வளர்ந்துவிட்டது. யாரோ ஒருவரிடம் பையனை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அவர் சற்று நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "எனக்கு இல்ஹாமில் உணர்த்தப்பட்டது, அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள்" என்றாராம். நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் நள்ளிரவில் பிள்ளை மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்து லில்லாஹ்!

"ஹள்ரத், இல்ஹாம் என்று ஒன்று உண்டா, இல்லையா? இருந்தால் அவர் சொன்னதைக் கேட்டது எப்படித் தவறாகும்?" என்று அந்தத் தாய் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இல்ஹாமை உள்ளுதிப்பு என்று தமிழில் வழங்குகிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஸ்பிரேஷன்' என்பர். நான் கல்லூரியில் பயின்ற நாளில், 'உள்ளே ஊதுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது என்று படித்தேன். கவிஞனின் உள்ளத்தில் கற்பனை ஊறுவதற்கும் அதே சொல். மருத்துவ நூலில் மூச்சை உள்ளே இழுப்பதற்கும் அதே சொல்! அரபியிலோ மூச்சைக் குறிக்கும் 'நஃபஸ்', ஆன்மாவைக் குறிக்கும் 'நஃப்ஸ்' இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. 'ரூஹ்' என்னும் உயிரும் 'ரீஹ்' என்னும் காற்றும் அவ்வாறே. நம் தமிழும் பின்தங்கவில்லை. 'உயிர்த்தல்' என்றாலே மூச்சுவிடுதல்தான், பெருமூச்சு 'நெட்டுயிர்ப்பு'.

இந்த உறவைத் திருமறை நமக்கு ஆதியிலேயே காட்டிவிட்டது. ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் களிமண்ணால் உருவாக்கிச் செவ்வைப்படுத்தினான். தன் ரூஹிலிருந்து அவருள் ஊதிய பின்னரே வானவர்கள் பணிய வேண்டும் என்பது கட்டளை (அல்ஹிஜ்ர் 29). மண்ணின் தகுதியால் வந்த பெருமையன்று அது. உள்ளே வந்ததன் தகுதி. ஆகவே, தனக்குள் வந்த ஒன்றை வைத்து மண் செருக்குக் கொள்ள இடமில்லை.

உள்ளே வருவனவற்றுள் தலையாயது வஹீ. கி.பி. 610இல் ஹிரா குகையில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகள் நாயகத்தை (ஸல்) மூன்று முறை தாங்கவியலாத அளவுக்கு இறுக அணைத்தபின் முதல் வசனங்கள் அருளப்பட்டன. நடுங்கியவாறு இல்லம் திரும்பிய அண்ணலாரைப் போர்வையால் போர்த்தித் தேற்றினார்கள் அன்னை கதீஜா (ரலி). பிற்காலத்தில் அன்னை ஆயிஷா (ரலி) மீது நயவஞ்சகர் அவதூறு கிளப்பினர். ஏறத்தாழ ஒரு மாத காலம் அதுபற்றி வஹீ வரவில்லை. விரும்பியபோது வரவழைத்துக்கொள்ளக் கூடியதாயிருப்பின், அண்ணலார் ஒரே நாளில் ஊர் வாயை அடைத்திருக்கலாமே! அவர்களோ வேதனையோடு காத்திருந்தார்கள். வஹீ அவர்களின் சொந்த உள்ளம் புனைந்ததன்று என்பதற்கு அந்தக் காத்திருப்பே சான்று. நபித்துவ வஹீயின் வாயில் அண்ணலாரோடு அடைபட்டுவிட்டது.

இல்ஹாம் அதற்குப் பல படிகள் கீழே நிற்பது. 'விழுங்கச் செய்தல்' என்னும் வேர்ப்பொருள் உடையது அச்சொல். ஒவ்வோர் ஆன்மாவுக்கும் அதன் தீமையையும் இறையச்சத்தையும் அல்லாஹ் உணர்த்தியிருப்பதாக அஷ்ஷம்ஸ் அத்தியாயம் கூறும்போது இச்சொல்லின் வினைவடிவமே அங்கு வருகிறது. ஆம், இல்ஹாம் உண்டு. நல்லடியார் உள்ளத்தில் நல்லெண்ணம் உதிக்கும். ஆனால், நபிமார் அல்லாதவர் ஒருவருடைய உள்ளுதிப்பு பிறரைக் கட்டுப்படுத்தும் மார்க்க ஆதாரமாகாது என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. திருமறை, நபிமொழி என்னும் தராசில் அது நிறுக்கப்பட வேண்டும்.

இதற்கு உமர் (ரலி) அவர்களைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? இந்தச் சமுதாயத்தில் உள்ளுணர்த்தப்படுபவர் எவரேனும் இருந்தால் அவர் உமரே என்று நபிகளாரால் சிறப்பிக்கப்பட்டவர் அவர். அவருடைய ஆட்சியில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா, 'ஸர்க்' என்னுமிடத்தில் செய்தியறிந்து நின்றார். "எனக்கு உணர்த்தப்பட்டது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்? அவரோ முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார். அன்ஸார்களை அழைத்துக் கேட்டார். குறைஷி முதியோரையும் கேட்டார். கேட்ட பின்னரே திரும்பிச் செல்ல முடிவெடுத்தார். அதன்பின் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), நோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள் என்னும் நபிமொழியை எடுத்துரைக்க, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார். உள்ளுணர்த்தப்பட்டவரே கலந்தாலோசித்தார் என்றால், கண்ணை மூடித் திறந்து ஒரு குழந்தையின் மருந்தை நிறுத்தச் சொல்ல இங்கே யாருக்கு உரிமை? மருந்தை இறக்காமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்று புகாரியில் வருகிறதே!

கவிதைக்கும் இதே அளவுகோல்தான். கவிஞனுக்கு ஜின் வந்து பாடல் சொல்லித் தருவதாகப் பழைய அரபுகள் நம்பினர். செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைத் திருமறை கண்டித்தது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்தவர்களுக்கு விலக்களித்தது. ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு ரூஹுல் குதுஸின் துணை கிட்ட நாயகமே துஆச் செய்தார்கள். நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாடிவைத்த 5,000க்கும் மேற்பட்ட பாடல்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஊறியது அருள். வரலாற்றைக் கேட்டறிந்து, யாப்பில் அடக்கி, வெளியே தந்தது உழைப்பு.

மூச்சும் இப்படித்தான். வளர்ந்த மனிதர் ஓய்வாயிருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை. உறங்கும்போதும் கேளாமலே உள்ளே வருகிறது. ஆனால் நாம் பேசுவதெல்லாம் வெளியே விடும் மூச்சில்தான். ஓதுவதும் அதில்தான், கடிந்துகொள்வதும் அதில்தான். உள்ளே வருவது கொடை. வெளியே விடுவது நம் அமல். கொடைக்கு நன்றி, அமலுக்குக் கேள்விகணக்கு. இல்ஹாம் என்று சொல்லி மருந்தை நிறுத்தியவருக்கும் அந்தக் கணக்கு உண்டு. ஷைத்தான் என்று சொல்லி அந்த அச்சத்தை விதைத்த எனக்கும் உண்டு.

மறுநாள் அதே பிள்ளைகளின் முன்னிலையில் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனை அருகில் அமர்த்தி, எந்தெந்த இடத்தில் வக்ஃப் செய்து மூச்சு வாங்கலாம், மூச்சு முட்டி நடுவில் நின்றுவிட்டால் எந்தச் சொல்லிலிருந்து மீட்டு ஓத வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். தஜ்வீது கலையே மூச்சை மதிக்கும் கலையல்லவா? சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு நற்கூலி உண்டு என்னும் நபிமொழியையும் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் அதைப் பாடமாக நடத்திய எனக்கு, அன்றுதான் அது விளங்கிற்று.

இப்போது அவன் காலையில் இன்ஹேலரை இழுத்துவிட்டு மக்தபுக்கு வருகிறான். சென்ற வாரம் அல்முல்க் அத்தியாயத்தை ஓதி முடித்தான். பலமுறை நின்றான், ஓரிடத்திலும் தவறவில்லை.

நம் உள்ளே வரும் ஒவ்வொரு மூச்சுக்கும் நன்றியுடையோராகவும், வெளியே விடும் ஒவ்வொரு சொல்லுக்கும் அஞ்சுவோராகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.